ஹால்சாண்ட்ஸ்: கரையை இழந்த கடலோரக் கிராமம்

ஹால்சாண்ட்ஸ் என்பது இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில், டெவன் கவுண்டியின் தென் கடற்கரையில் இருந்த ஒரு சிறிய மீனவக் கிராமமாகும். 1891ஆம் ஆண்டில் இங்கு 37 வீடுகள் இருந்தன. 159 பேர் வாழ்ந்தனர். 1917 ஜனவரி 26 அன்று வீசிய புயலில் இக்கிராமம் சிதைந்தது. அவ்வாண்டின் முடிவில் குடியிருக்கத் தக்கதாக ஒரே ஒரு வீடுதான் எஞ்சியது.

இக்கிராமம் 'புயலில் அழிந்த ஊர்' என்று பலராலும் குறிப்பிடப்படுகிறது. ஆனால் அதன் வரலாற்றைப் பார்த்தால், புயல் கடைசி அடி மட்டுமே என்பது விளங்கும். அப்புயலுக்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே ஊருக்கு முன்னால் இருந்த கூழாங்கல் கரை, கடற்படைக் கப்பல் தளம் ஒன்றைக் கட்டுவதற்காக அள்ளிச் செல்லப்பட்டது. கரையை அள்ளினால் ஊர் நிலைக்காது என்று மீனவர்கள் தொடக்கத்திலேயே எச்சரித்தனர். அந்த எச்சரிக்கைக்கு நேர்ந்த கதியே ஹால்சாண்ட்ஸின் வரலாறு.

அமைவிடம்

டெவன் கவுண்டியின் தென்கோடியில் ஸ்டார்ட் விரிகுடா உள்ளது. அதன் தென் எல்லையாகக் கடலுக்குள் நீண்டிருப்பது ஸ்டார்ட் முனை. பழைய ஆங்கிலத்தில் 'வால்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. முனையின் வடிவமும் வாலைப் போன்றதே. இங்கு 1836ஆம் ஆண்டில் ஒரு கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது. முனைக்குச் சற்று வடக்கே ஹால்சாண்ட்ஸ், அதற்கு வடக்கே பீசாண்ட்ஸ், பின்னர் டார்கிராஸ், ஸ்லாப்டன் என்ற வரிசையில் விரிகுடாவின் ஊர்கள் அமைந்துள்ளன. அருகில் உள்ள சந்தை நகரம் கிங்ஸ்பிரிட்ஜ்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பெரும்பாலான காற்று தென்மேற்கிலிருந்தே வீசும். அந்தக் காற்றிலிருந்து ஸ்டார்ட் முனை ஹால்சாண்ட்ஸை மறைத்துக் காத்தது. எனவே ஆண்டின் பெரும்பகுதி ஊருக்கு முன்னால் கடல் அமைதியாகவே இருக்கும். ஆனால் கிழக்குத் திசை திறந்தே கிடந்தது. கிழக்கிலிருந்து புயல் வீசினால் அலைகள் நேராக ஊரை நோக்கி வரும்.

ஊர் அமைந்திருந்த இடமும் கவனிக்கத் தக்கது. பின்னால் செங்குத்தான மலைச்சரிவு, முன்னால் கடல். இரண்டுக்கும் நடுவே கடல் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த ஒரு குறுகிய பாறைத் திட்டின்மீது, ஒரு தெருவை ஒட்டி வீடுகள் கட்டப்பட்டிருந்தன. அந்தத் திட்டு முழுவதும் கெட்டிப் பாறை அன்று. பாறையில் ஆங்காங்கே ஆழமான பிளவுகள் இருந்தன. அவற்றில் பண்டைக் காலத்துக் கடற்கரை மணலும் கல்லும் நிரம்பி இறுகியிருந்தன. சில வீடுகள் பாறைமீதும், சில இந்த நிரப்பின்மீதும் நின்றன. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அலை அடித்தளத்தை எட்டியபோதுதான் அந்த வேறுபாடு வெளிப்பட்டது.

ஊரும் மக்களும்

இவ்விடத்தில் 1506ஆம் ஆண்டளவிலேயே ஒரு சிறு வழிபாட்டுக் கூடம் இருந்ததாக அறியப்படுகிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான் ஹால்சாண்ட்ஸ் ஒரு கிராமமாக வளர்ந்தது. ஊருக்கென ஒரு நன்னீர் ஊற்றும், 'லண்டன் இன்' என்ற மதுவிடுதியும் இருந்தன.

நண்டு பிடித்தலே முதன்மைத் தொழில். ஊருக்கு எதிரே கடலுக்குள் ஸ்கெரிஸ் என்ற நீண்ட மணல்திட்டு உள்ளது. அதை ஒட்டிய கடற்பகுதியில் நண்டு மிகுதியாகக் கிடைக்கும். நண்டுக் கூடுகளைப் பின்னி, உள்ளே இரை வைத்துக் கடலடியில் இறக்கிப் பின்னர் எடுப்பர். மீன்கூட்டம் கரையை அண்டும் காலங்களில் மேட்டிலிருந்து ஒருவர் பார்த்துக் குறிப்புக் கொடுக்க, கரைவலை வீசுவதும் உண்டு. வலையையும் படகையும் இழுக்கும் வேலையில் பெண்களும் பங்கு கொண்டனர்.

இங்கு துறைமுகம் கிடையாது. படகுகள் நேராகக் கூழாங்கல் கரையில் ஏற வேண்டும். அலை மிகுந்த நாட்களில் படகு கரையை நெருங்குவது கடினம். அப்போது மீனவர்கள் வளர்த்த நியூபவுண்ட்லாந்து இன நாய்கள் படகை நோக்கி நீந்திச் சென்று, கயிற்றின் நுனியை வாயில் கவ்விக் கரைக்குக் கொண்டுவரும். கரையில் நிற்போர் அக்கயிற்றைப் பற்றிப் படகை இழுத்துவிடுவர்.

இம்மக்களுக்குக் கடற்கரை பல வகையில் பயன்பட்டது. படகு நிறுத்தும் துறை, வலை உலர்த்தும் களம், கூடுகளை அடுக்கும் கிடங்கு எல்லாம் அதுவே. வீட்டைக் காக்கும் அரணும் அதுவே.

கூழாங்கல் கரை ஊரைக் காத்த விதம்

மணல் கரையைவிடக் கூழாங்கல் கரை அலையின் வேகத்தை மிக விரைவாகக் குறைக்கும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கூழாங்கல் கரை செங்குத்தாக உயர்ந்திருக்கும். மேலேறும் அலை தன் ஆற்றலை அந்த ஏற்றத்திலேயே செலவிடும். இரண்டாவது, கற்களுக்கிடையே இடைவெளி மிகுதி. மேலேறிய நீரில் பெரும்பகுதி கற்களுக்குள் இறங்கிவிடுவதால், திரும்பிச் செல்லும் நீரின் வலு குறையும். ஏறும் நீர் கல்லை மேலே தள்ளும். இறங்கும் நீரால் அதே அளவு கல்லைக் கீழே இழுக்க முடியாது. அதனால் கரை தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும்.

புயலில் கரையின் வடிவம் மாறும். கல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகரும். ஆனால் மொத்தக் கல் அந்தப் பகுதியிலேயே இருக்கும்வரை, அமைதியான அலைகள் அதை மீண்டும் கொண்டுவந்து சேர்க்கும். ஹால்சாண்ட்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டது இதைத்தான். கல் போவதையும் வருவதையும் அவர்கள் அறிவர். மொத்தமாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதே அவர்களது கேள்வியாக இருந்தது.

கப்பல் தளமும் கல் அள்ளும் உரிமமும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல்கள் அளவில் பெரிதாகிக்கொண்டே வந்தன. பழைய கப்பல் தளங்கள் அவற்றுக்குப் போதவில்லை. எனவே பிளிமத் நகரை அடுத்த கீயம் என்ற இடத்தில் கடற்படைத் தளத்தை விரிவாக்க அரசு முடிவு செய்தது. கட்டுமான ஒப்பந்தம் சர் ஜான் ஜாக்சனின் நிறுவனத்துக்குக் கிடைத்தது. கான்கிரீட் வேலைக்குப் பெருமளவு மணலும் கல்லும் தேவைப்பட்டன.

கடல் வழியாகக் கொண்டுவர வசதியான இடத்தில் ஸ்டார்ட் விரிகுடா இருந்தது. ஹால்சாண்ட்ஸுக்கும் பீசாண்ட்ஸுக்கும் முன்னால் உள்ள கரையோரத்தில் கல் அள்ள ஜாக்சனின் நிறுவனம் அனுமதி கேட்டது. இங்கிலாந்தில் கடல் ஏறி வற்றும் எல்லைக்கு உட்பட்ட கரை பெரும்பாலும் அரசுடைமை. அதன் பொறுப்பு அப்போது வணிக வாரியம் என்ற அரசுத் துறையிடம் இருந்தது. 1896ஆம் ஆண்டில் வாரியம் உரிமம் வழங்கியது. எடுத்த கல்லைக் கடலே திரும்பக் கொண்டுவந்து நிரப்பிவிடும் என்று நம்பப்பட்டது.

1897 ஏப்ரலில் தூர்வாரும் கப்பல்கள் வேலையைத் தொடங்கின. விரைவிலேயே ஒரு நாளைக்கு 1,600 டன் வரை அள்ளப்பட்டது. இன்றைய கணக்கில், 10 டன் ஏற்றும் லாரிகள் 160 ஒவ்வொரு நாளும் நிறைந்து செல்வதற்கு இது சமம். 1902 தொடக்கத்தில் பணி நிற்கும் முன்னர் 6 லட்சம் டன்னுக்கும் மேல் அள்ளப்பட்டுவிட்டது.

எச்சரிக்கையும் விசாரணைகளும்

கப்பல்கள் வந்தவுடனேயே ஊர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நண்டுக் கூடுகள் சேதமாகும் என்பது அவர்களது ஓர் அச்சம். கரை தாழ்ந்தால் வீடுகள் விழும் என்பது மற்றோர் அச்சம். அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பிராங்க் மில்ட்மே அவர்களது குறையை எடுத்துச் சென்றார். வணிக வாரியம் ஒரு விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. கல் அள்ளுவதால் ஊருக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை என்பதே விசாரணையின் முடிவு. பணி நடக்கும் காலம்வரை ஆண்டுக்கு 125 பவுன் கொடுக்க ஒப்பந்ததாரர் இசைந்தார். அது மீனவர்களுக்கு ஏற்படும் இடையூறுக்கான தொகை மட்டுமே. வீடுகளைப் பற்றிய பேச்சு அதில் இல்லை.

அதன்பின் நடந்தவற்றைக் கால வரிசையில் காணலாம்.

1900: கரையின் மட்டம் தாழ்வது வெளிப்படையாகத் தெரிந்தது. அவ்வாண்டின் இலையுதிர்காலப் புயல்களில் கடல் தடுப்புச் சுவரின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. நவம்பரில், வீடுகள் சேதமடைவதாக மக்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு அளித்தனர்.

1901 மார்ச்: சாலை சேதமடைந்ததாகக் கிங்ஸ்பிரிட்ஜ் ஊரக மன்றம் வணிக வாரியத்துக்குக் கடிதம் எழுதியது.

1901 செப்டம்பர்: வாரியத்தின் புதிய ஆய்வாளர் ஊரைப் பார்வையிட்டார். இனி வரும் கடும் புயல்கள் பெருஞ்சேதம் விளைவிக்கலாம் என்றும், கல் அள்ளுவதை நிறுத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்.

1902 ஜனவரி 8: உரிமம் ரத்து செய்யப்பட்டது.

முதல் எதிர்ப்புக்கும் உரிமம் ரத்தானதற்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்குள் கரை சில இடங்களில் 12 அடி வரை தாழ்ந்திருந்தது. உரிமம் கொடுத்த துறையே விசாரணையையும் நடத்தியது என்பதும் இங்குக் குறிக்கத் தக்கது.

கரை ஏன் மீளவில்லை?

1902ஆம் ஆண்டில் கரையின் மட்டம் ஓரளவு உயர்ந்தது. ஆனால் அந்த மீட்சி நீடிக்கவில்லை. அடுத்து வந்த குளிர்காலப் புயல்களில் மேலும் சேதம் ஏற்பட்டது. சில வீடுகள் இடிந்தன. பின்னர் ஊரைக் காக்கக் கான்கிரீட் தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன.

எடுத்த கல் திரும்பி வராததன் காரணம் அக்கல்லின் தன்மையிலேயே உள்ளது. ஸ்டார்ட் விரிகுடாவின் கூழாங்கற்களில் பெரும்பகுதி சக்கிமுக்கிக் கல். சக்கிமுக்கிக் கல் சுண்ணக்கட்டிப் பாறைகளில் உருவாவது. விரிகுடாவை ஒட்டிய மலைகளில் அத்தகைய பாறை இல்லை. எனவே அருகிலுள்ள மலைகள் அரிக்கப்பட்டு இக்கற்கள் வந்திருக்க முடியாது. கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, கடலடியில் கிடந்த கற்களை அலைகள் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தன. கடல் மட்டம் ஏறத்தாழ இன்றைய நிலையை எட்டியதும் அந்த வரத்து நின்றுவிட்டது.

சுருங்கக் கூறின், அந்தக் கரை ஆண்டுதோறும் வட்டி வரும் வைப்பு அன்று. பனியுகம் விட்டுச் சென்ற ஒரே முதல். அதை எடுத்தால் எடுத்ததுதான். பிளிமத்தைச் சேர்ந்த கட்டடப் பொறியாளர் ரிச்சர்ட் ஹான்ஸ்ஃபர்ட் வொர்த் இக்கரையைப் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்தார். ஹால்சாண்ட்ஸ் பற்றிய அவரது கட்டுரைகள் 1904 முதல் வெளிவந்தன. பிற்காலத்தில், 1970களில் நடந்த கடலடி ஆய்வுகளும் இவ்விரிகுடாவுக்கு வெளியிலிருந்து புதிய கல் வரத்து இல்லை என்பதையே காட்டின.

1917 ஜனவரி 26

தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபின் சுமார் பத்து ஆண்டுகள் பேரிழப்பின்றிக் கழிந்தன. 1917ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 26 அன்று கிழக்குத் திசையிலிருந்து கடும் புயல் எழுந்தது. அதே வேளையில் கடல் ஏற்றமும் வழக்கத்தைவிட மிக உயர்ந்திருந்தது. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்ததே பேரழிவுக்கு வழிவகுத்தது.

முன்னால் கரை இருந்திருந்தால் அலைகள் அதன் சரிவிலேயே உடைந்திருக்கும். கரை தாழ்ந்துவிட்டதால் அவை சுவரின்மீதே மோதி உடைந்தன. சுவர் உடைந்ததும், பாறைப் பிளவுகளில் இருந்த மணலும் கல்லும் அரித்துச் செல்லப்பட்டன. அவற்றின்மீது நின்ற வீடுகளின் தரை உள்வாங்கியது, சுவர்கள் சரிந்தன, கூரைகள் வீழ்ந்தன. மக்கள் இருளில் மலைச்சரிவின்மீது ஏறி உயிர் தப்பினர். ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த கடல் ஏற்றங்களில் எஞ்சிய வீடுகளும் சிதைந்தன.

இழப்பீட்டுக்கான போராட்டம்

வீடிழந்தவர்கள் அரசிடம் இழப்பீடு கோரினர். அவர்களது வாதம் எளியது: கல்லை அள்ள அனுமதித்தது அரசு, அள்ளியது அரசின் கப்பல் தளத்துக்காக, கரை தாழ்ந்தது அதனால்தான். எதிர்த் தரப்புக்குக் காலமே துணையாக இருந்தது. கல் அள்ளுவது நின்று 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்ணெதிரே வீட்டை இடித்தது புயல், கப்பல் அன்று. போர்க் காலமாதலால் இதில் கவனம் செலுத்துவோரும் குறைவு.

இப்போராட்டம் ஏழு ஆண்டுகள் நீடித்தது. முடிவில் கிடைத்த உதவியைக் கொண்டு, பழைய ஊருக்கு வடக்கே, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளிச் சில புதிய வீடுகள் கட்டப்பட்டன. இப்பகுதி இன்று வடக்கு ஹால்சாண்ட்ஸ் எனப்படுகிறது. பழைய ஊரை அதே இடத்தில் மீண்டும் கட்டும் வாய்ப்பு இல்லை. கரை இல்லாத இடத்தில் கரையோர ஊர் எழ முடியாது.

ஊரை விட்டு நீங்காதவர்கள்

எலிசபெத் பிரெட்டிஜான் என்ற பெண்மணி, இடியாமல் எஞ்சிய ஒரே வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தார். கோழிகளை வளர்த்துக்கொண்டும், இடிபாடுகளைப் பார்க்க வருவோருக்கு ஊரின் கதையைச் சொல்லிக்கொண்டும் 1964ஆம் ஆண்டில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஹால்சாண்ட்ஸின் கடைசிக் குடிமகள் என்று அவர் அறியப்படுகிறார்.

டிரவுட் குடும்பத்துச் சகோதரிகளும் குறிப்பிடத் தக்கவர்கள். தந்தைக்குப் பின் பேஷன்ஸ், எல்லா ஆகிய இருவரும் தாமே படகோட்டி நண்டு பிடித்துக் குடும்பத்தைக் காத்தனர். ஊர் அழிந்த அதே 1917ஆம் ஆண்டின் செப்டம்பரில், ஸ்டார்ட் முனைக்கு அருகே 'நியூஹோம்' என்ற நீராவிக் கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. அப்போது ஒரு சிறுவனைத் துணையாகக் கொண்டு படகில் சென்றிருந்த எல்லா, கடலில் தத்தளித்த மாலுமி ஒருவரைக் காப்பாற்றினார். இச்செயலுக்காக அவருக்குப் பிரிட்டிஷ் அரசின் விருது கிடைத்தது. பின்னர் இச்சகோதரிகள் பழைய ஊருக்கு மேலே, மலை உச்சியில் ஒரு விடுதியைக் கட்டி நடத்தினர். கட்டுமான வேலையிலும் அவர்களது கைகளே முன்னின்றன.

புயலா, மனிதச் செயலா?

ஹால்சாண்ட்ஸைப் பற்றிப் படிப்போருக்கு இயல்பாக எழும் கேள்வி இது. கல்லை அள்ளாமல் இருந்திருந்தாலும் 1917 புயலில் ஊர் அழிந்திருக்குமா?

இதற்கு விடை காண 1891ஆம் ஆண்டு உதவுகிறது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தென்மேற்கு இங்கிலாந்தைப் பெரும் பனிப்புயல் ஒன்று தாக்கியது. கிழக்குத் திசைக் காற்றின் வேகத்தில் 'மரானா' என்ற நீராவிக் கப்பல் உட்படப் பல கப்பல்கள் ஸ்டார்ட் முனைப் பகுதியில் பாறைகளில் மோதி உடைந்தன. பல மாலுமிகள் இறந்தனர். சில வாரங்களுக்குப்பின், ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் கூறப்பட்ட 37 வீடுகள், 159 பேர் என்ற கணக்கு அந்த ஆண்டுக்குரியதே. கப்பல்களை உடைத்த புயலுக்குப் பின்னும் ஊர் ஊராகவே இருந்தது.

எந்த இரு புயலும் ஒன்றுபோல் இருப்பதில்லை; கடல் ஏற்றத்தின் உயரமும் வேறுபடும். ஆகவே 1891ஐயும் 1917ஐயும் அப்படியே சமமாக வைக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஊரின் காப்பில் நிகழ்ந்த பெரிய மாற்றம் ஒன்றுதான். அது கரையின் இழப்பு.

இன்றைய நிலை

பழைய ஹால்சாண்ட்ஸில் இன்று பாறைத் திட்டின்மீது சில சுவர்களும், சரிவின் ஓரத்தில் ஓரிரு கட்டடங்களுமே காணப்படுகின்றன. மலைச்சரிவு உறுதியற்றது. 2012ஆம் ஆண்டில் மண்சரிவும் ஏற்பட்டது. எனவே இடிபாடுகளை மேலிருந்தே பார்க்க முடியும்.

விரிகுடாவின் மற்ற ஊர்களுக்கும் இக்கரையே இன்றும் காப்பு. இருக்கும் கல்லைக் காற்றின் திசைக்கேற்பக் கடல் வடக்கும் தெற்குமாக நகர்த்துகிறது. ஓரிடத்தில் கரை உயர்ந்தால் மற்றோரிடத்தில் தாழ்கிறது. 2018 மார்ச்சில் வீசிய 'எம்மா' புயல் ஸ்லாப்டன் கரையை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை உடைத்தது. சாலை சற்று உள்ளே தள்ளி மீண்டும் அமைக்கப்பட்டது.

ஹால்சாண்ட்ஸின் கல்லைக் கொண்டு கட்டப்பட்ட கீயம் விரிவாக்கம் 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. டெவன்போர்ட் கடற்படைத் தளத்தின் ஒரு பகுதியாக அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஊரின் முன்னால் இருந்த கரை அங்கே கான்கிரீட்டாக நிற்கிறது.